மலையேறிய கிராஃபிக்ஸ் கார்டு!

‘‘தம்பி, அந்தப் பையைத் தூக்கி மேல போடு. கால் வைக்க இடமில்ல பாரு!’’

கண்டக்டர் மூணாவது தடவை சொல்கிறார். நான் மூணாவது தடவையும் பையை நெஞ்சோடு அணைச்சுக்கிறேன். ‘‘கண்ணாடி ஐட்டம்ண்ணே...’’ என்று ஒரு பொய் வேற. உள்ளே இருப்பது கண்ணாடி இல்லை. ரெண்டு துண்டு, ஒரு கைலி, அதுக்குள்ள ஒரு ஆன்ட்டி ஸ்டாட்டிக் கவர், அதுக்குள்ள... நாலு பேர் காசு போட்டு வாங்கின ஒரு பழைய கிராஃபிக்ஸ் கார்டு!

இடம், கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட். நேரம், பொங்கல் லீவில் ஒரு காலை ஆறு மணி சொச்சம். பஸ், வெள்ளிமலை போகும் பஸ். தையில பனி இன்னும் இறங்கிக்கிட்டே இருக்கு. டீக்கடை அண்ணன் முதல் பாலை இப்பத்தான் காய்ச்சுறார். பஸ்ஸுக்குள்ள அரிசி மூட்டை, கரும்புக்கட்டு, புதுப்பானை, ரெண்டு கோழி. அதுக்கு நடுவுல நானும் என் கார்டும். அநேகமா அந்த பஸ்ஸில் ஏறின முதல் கிராஃபிக்ஸ் கார்டு இதுவாத்தான் இருக்கும்.

எதுக்கு இந்தக் கார்டு மலையேறுது? அதைச் சொல்லணும்னா ஒரு ஹாஸ்டல் ரூமில் இருந்து ஆரம்பிக்கணும்.

அஞ்சு பேர் வேணும்!

காலேஜில் சேர்ந்த முதல் நாள். பக்கத்து கட்டில் பையன் தன்னை அறிமுகப்படுத்திக்கிட்டான். ‘‘நான் மலையாளி.’’ உடனே ஒருத்தன், ‘‘கேரளாவுல எந்த ஊரு மச்சி?’’ என்றான். அவன் சிரிச்சுக்கிட்டே ஜன்னலுக்கு வெளியே மேற்குப் பக்கமா கையைக் காட்டினான். ‘‘தோ, அந்த மலை.’’

கல்வராயன் மலையின் பழங்குடி மக்களுக்குப் பேரே மலையாளிதான். மலையில வாழறதால வந்த பேர். கேரளாவுக்கும் அவங்களுக்கும் சம்பந்தமே இல்லை. முன்னோர்கள் காஞ்சிபுரத்துல இருந்து வந்தவங்கன்னு கதை சொல்வாங்க. இருபது, முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கும் எங்களுக்கே அன்னைக்குத்தான் அது தெரிஞ்சுது. கொஞ்சம் வெட்கமாத்தான் இருந்துச்சு.

அவன்கிட்ட ஒரு டெஸ்க்டாப் இருந்தது. ஏதோ ஆபீஸில் கழிச்சுக்கட்டின, ஒல்லியான பிராண்டட் பெட்டி. மூணாம் தலைமுறை கோர் ஐ5, 8 ஜிபி ராம், அதோட ஒரு பழைய மானிட்டர். வீட்டிலேயே முதல்ல டிகிரி படிக்க வந்த பையன்னு, அவங்கப்பா மரவள்ளிக்கிழங்கு வித்த காசில் வாங்கிக் கொடுத்தது. பகலில் அதில் ப்ராஜெக்ட், ராத்திரியில் கவுன்டர் ஸ்ட்ரைக். அந்த விளையாட்டுக்கு ஒரு டீமில் அஞ்சு பேர் வேணும். நாங்க கரெக்டா அஞ்சு பேர். அவன்தான் ஸ்னைப்பர். மூச்சு விடாம ஒரே இடத்துல மூணு நிமிஷம் காத்திருப்பான். ‘‘காட்டுல வளர்ந்தவன்டா... காத்திருக்கறதெல்லாம் ஒரு மேட்டரா?’’ என்பான்.

2023 செப்டம்பர் 27. பழைய கவுன்டர் ஸ்ட்ரைக்கை ஓரம் கட்டிட்டு, வால்வ் கம்பெனி ‘கவுன்டர் ஸ்ட்ரைக் 2’வை இறக்கின நாள். நாங்க ஆர்ப்பாட்டமா அப்டேட் பண்ணினோம். எங்க நாலு பேருக்கும் ஓடிச்சு. அவன் பெட்டியில்... திரையில் ஆள் நடக்கிறது கல்யாண ஆல்பத்தைப் புரட்டற மாதிரி இருந்தது. ஒரு செகண்டுக்குப் பத்துப் படம். சுடறதுக்குள்ள எதிராளி வந்து, சுட்டு, டீ குடிச்சுட்டுப் போயிடுவான்.

‘‘பரவால்ல... நீங்க ஆடுங்கடா’’ன்னு பின்னாடி நின்னு பார்க்க ஆரம்பிச்சான். ஃபைனல் இயர் வரைக்கும் பார்த்தான். அப்புறம் அப்பாவுக்கு உடம்பு முடியலைன்னு, டிகிரி முடிச்ச கையோட மலைக்கே போயிட்டான். மத்தவங்க சென்னை, பெங்களூர், திருப்பூர்னு சிதறினாங்க. நான் இங்கேயே எம்.எஸ்சி. சேர்ந்தேன். சனிக்கிழமை ராத்திரி ஆன்லைனில் நாலு பேர் மட்டும் கூடுவோம். அஞ்சாவது ஆளா யாரோ முகம் தெரியாத ஒருத்தன் வந்து, எங்களையே திட்டிட்டுப் போவான்.

போன கார்த்திகையில அவன் போனில் சொன்னான். ‘‘அந்தப் பொட்டியை மூவாயிரத்துக்கு ஒருத்தர் கேக்கறார்டா. சும்மாதானே கிடக்கு. குடுத்துரலாம்னு இருக்கேன்.’’

அன்னிக்கு ராத்திரியே நாங்க நாலு பேரும் பேசி முடிவெடுத்தோம். ஆளுக்கு 1,300 ரூபாய். அவனுக்குத் தெரியக் கூடாது. சர்ப்ரைஸ்!

முதலாளியும் கூலிப்படையும்

நியாயமா ஒரு கேள்வி வரும். பழைய பெட்டிக்கு ஒரு கார்டு மாட்டினா மட்டும் போதுமா பாஸ்?

கணக்கு போட்டுப் பார்ப்போம். சாதாரண ஃபுல் ஹெச்.டி. திரையில் 1920-க்கு 1080 புள்ளிகள். மொத்தம் 20 லட்சத்து 73 ஆயிரத்துச் சொச்சம். விளையாட்டு வழுக்கிக்கிட்டு ஓடணும்னா செகண்டுக்கு 60 தடவை அத்தனை புள்ளிக்கும் வண்ணம் பூசணும். அதாவது செகண்டுக்கு 12 கோடி புள்ளிகளுக்கும் மேல!

சி.பி.யு. என்பது நாலு கெட்டிக்கார ஆசாரி மாதிரி. எந்த நுணுக்கமான வேலையும் செய்வாங்க. ஆனா ஊர் முழுக்க சுவருக்குச் சுண்ணாம்பு அடின்னா? நாலு பேரால முடியாது. அதுக்குப் பெரிய கூலிப்படை வேணும். அந்தப் படைதான் கிராஃபிக்ஸ் கார்டு. நாங்க வாங்கின ஜிடிஎக்ஸ் 1050 டிஐ-யில் சின்னச் சின்னதா 768 கோர்கள் இருக்கு.

இன்னொரு சமாச்சாரம், மெமரி. நண்பனோட பெட்டியில் இருந்தது சி.பி.யு.வுக்குள்ளேயே ஒட்டிக்கிட்டு வரும் இன்டெல் ஹெச்.டி. 2500. அதுக்குன்னு சொந்த மெமரி கிடையாது. சொந்த நிலம் இல்லாம குத்தகைக்கு உழுவற மாதிரி, ராமில் ஒரு ஓரமா இடம் வாங்கிப் பிழைக்கணும். அவனுடையது ஒரே ஒரு டிடிஆர்3 ராம் குச்சி. அதில் செகண்டுக்கு 12.8 ஜிபிதான் போய் வர முடியும். அதையும் சி.பி.யு.வோட பங்கு போட்டுக்கணும். 1050 டிஐ-க்கு சொந்தமா 4 ஜிபி. வேகம் செகண்டுக்கு 112 ஜிபி. வித்தியாசம் புரியுதா?

மத்தபடி அந்தப் பெட்டி ஒண்ணும் சோடை இல்லை. கவுன்டர் ஸ்ட்ரைக் 2-க்கு வால்வ் கேட்கும் குறைந்தபட்ச சி.பி.யு., 2009-ல் வந்த கோர் ஐ5 750. ராம் 8 ஜிபி. ரெண்டிலேயும் நம்ம ஆளு பாஸ். ஒரே ஒரு பேப்பர்லதான் அரியர்!

இந்த வசதி டெஸ்க்டாப்புக்கு மட்டும்தான். எங்க அக்கா கிட்ட அரசாங்கம் 2011-ல் ஆரம்பிச்ச இலவச லேப்டாப் திட்டத்தில் வாங்கின ஒண்ணு இருக்கு. அதில் கிராஃபிக்ஸ் சிப்பை மாத்தவே முடியாது. போர்டோட சேர்த்துப் பத்த வெச்சுட்டாங்க. ராம் கூட்டலாம், எஸ்.எஸ்.டி. போடலாம். அதுக்கு மேல ஆசைப்படக் கூடாது.

ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு வீடியோ கால்

சென்னையில் இருக்கும் நண்பன்தான் பர்ச்சேஸ் கமிட்டி. அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம் இருக்கிற ரிச்சி ஸ்ட்ரீட் தெரியாத கம்ப்யூட்டர் பையன் இருக்க முடியாது. பேர்தான் ஒரு தெரு. நரசிங்கபுரம் தெரு, வாலர்ஸ் ரோடு, மீரான் சாகிப் தெருன்னு சுத்துப்பட்டு முழுக்கக் கடைதான். நண்பன் அங்கே நின்னு வீடியோ காலில் வந்தான்.

ஏன் 1050 டிஐ? 2016-ல் வந்த கார்டு. 75 வாட்ஸ்தான் சாப்பிடும். மதர்போர்டில் கார்டைச் செருகுற ஸ்லாட்டே 75 வாட்ஸ் வரைக்கும் கொடுக்கும். அதனால தனியா பவர் வயர் இழுக்க வேண்டாம். ஆபீஸ் பெட்டிகளில் கார்டுக்கான அந்த ஆறு பின் வயரே பெரும்பாலும் இருக்காது. அவனோட பெட்டியில் பவர் சப்ளை 240 வாட்ஸ். சி.பி.யு. 77, கார்டு 75, மீதி சில்லறைச் செலவு. தாராளமா தாங்கும். ஆனா இதே 1050 டிஐ-யிலும் சில மாடல்களில் ஆறு பின் சாக்கெட் இருக்கும். ‘‘அது இல்லாததா பார்த்து வாங்குடா’’ன்னு நாலு தடவை சொன்னேன்.

செகண்ட்ஹேண்ட் கார்டுன்னா பயம் இருக்கணும். 2022 செப்டம்பர் 15-ல் எத்தீரியம் மைனிங் முறை முடிவுக்கு வந்தப்போ, ராப்பகலா ஓடின கார்டுகள் மூட்டை மூட்டையா பழைய மார்க்கெட்டுக்கு வந்துச்சு. அது போக போலிகள் வேற. அரதப்பழசான கார்டின் பயாஸை மாத்தி எழுதி, ‘நான்தான் 1050 டிஐ’ன்னு பேசவைப்பாங்க. ‘ஜிபியு இசட்’ என்ற இலவச சாஃப்ட்வேரை ஓட விட்டா பெரும்பாலும் குட்டு வெளிப்பட்டுரும். நண்பன் அதை ஓட்டினான். அடுத்து ‘ஃபர்மார்க்’ போட்டு கால் மணி நேரம் கார்டை வறுத்தெடுத்தான். கார்டு அசரலை.

கடைக்கார அண்ணன் கடைசியா ஒரு கேள்வி கேட்டார். ‘‘தம்பி, கேபினெட் ஒல்லியா, குண்டா?’’

நண்பன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ஹாஸ்டலில் வருஷக்கணக்கா பார்த்த பெட்டிதான். ஆனா அதோட உயரத்தை யார் அளந்து வெச்சா? ‘‘நார்மல்தாண்ணே!’’ன்னேன், பெரிய இன்ஜினீயர் மாதிரி.

அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பின்னாடி தண்டனை கிடைச்சுது. வெயிட் பண்ணுங்க.

கார்டு 4,800 ரூபாய். அன்னிக்கு ராத்திரி பஸ்ஸில் கண்டக்டர் கையில் பார்சலா ஏறி, விடிகாலையில் கள்ளக்குறிச்சியில் இறங்கிச்சு. நான் என் பங்குக்கு ஒரு விஷயம் மட்டும் உருப்படியா செஞ்சேன். அவனோட மானிட்டரில் நீலக் கலர் விஜிஏ பின் மட்டும்தான். 1050 டிஐ-யில் விஜிஏ கிடையாது. அதனால கள்ளக்குறிச்சியிலேயே ஒரு ஹெச்டிஎம்ஐ டு விஜிஏ கன்வெர்ட்டர், 300 ரூபாய்க்கு வாங்கினேன். மீதி நூறு ரூபாய், என் பஸ் செலவு!

வளைவுக்கு வளைவு திக் திக்

பஸ் நகர்ந்தாச்சு. ஊரைத் தாண்டினதும் ரெண்டு பக்கமும் கரும்பும் நெல்லும். விழுப்புரத்தில் இருந்து பிரிஞ்சு 2019-ல் தனி மாவட்டம் ஆன ஊர் எங்க கள்ளக்குறிச்சி. வெளியூர்ல போய் ஊர் பேரைச் சொன்னா 2024 ஜூன் மாசத்து விஷச்சாராயச் சாவுகளைத்தான் கேக்கறாங்க. மலைக்காரப் பையன்னு தெரிஞ்சா இன்னும் ஒரு மாதிரி பார்ப்பாங்க. சென்னையில ஒரு இன்டர்வியூல, ‘‘ஓ, அந்த மலையா?’’ன்னு ஒருத்தர் சிரிச்சதை நண்பன் சொன்னப்போ எங்க யாருக்கும் பதில் வரலை. அதே ஊரோட மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைச்சுது. அதை ஒருத்தரும் கேக்கறதில்லை.

கச்சிராயபாளையம் வந்தது. கொஞ்ச தூரத்தில் கோமுகி அணை. 46 அடி கொள்ளளவு. மலையில் பெய்யிற மழையில ஒரு பங்கு இங்கே வந்து சேரும். அணையைத் தாண்டினா ரோடு தலையைத் தூக்கும். டிரைவர் கியரை மாத்துற சத்தத்தில் இருந்தே தெரியும், மலை ஆரம்பம்!

ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் பஸ் மொத்தமும் ஒரு பக்கம் சாயும். பக்கத்து சீட்டு ஆயாவோட கரும்புக்கட்டு என் மேல சாயும். நான் பை மேல சாயாம இருக்கணும். கார்டில் மின்விசிறி இறக்கை ஒண்ணு உடைஞ்சாலும் கதை கந்தல். ஆயா கேட்டாங்க. ‘‘இன்னா தம்பி, கொழந்தையாட்டம் வெச்சிருக்க... இன்னா அது?’’

‘‘கம்ப்யூட்டர் சாமான் ஆயா.’’

‘‘ரிப்பேரா?’’

‘‘இல்ல ஆயா. நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் வயசாயிடுச்சு.’’

‘‘என்னையாட்டம்னு சொல்லு!’’ பஸ்ஸே சிரிச்சது.

எதிரில் மரவள்ளிக்கிழங்கு ஏத்தின லாரி இறங்கி வருது. கீழே ஜவ்வரிசி ஃபேக்டரிக்குப் போகும். அது ஒதுங்கி வழிவிடும் வரைக்கும் நாங்க காத்திருக்கோம். ஜன்னல் வழியா பார்த்தா, வந்த ரோடு கீழே பாம்பு மாதிரி. அதுக்கும் கீழே பனிமூட்டத்துக்குள்ள எங்க ஊர்.

கல்வராயனில் ரெண்டு பகுதி. வடக்கே சின்னக் கல்வராயன், சராசரியா 2,700 அடி. தெற்கே பெரிய கல்வராயன், 4,000 அடி. கடுக்காய், புளி, தேன், சாமை, தினைன்னு மலை தராத பொருள் இல்லை. ஆனா மலைக்குப் போற பொருள்தான் லேட். ராஜா காலத்துக் கதை மாதிரி, இந்த மலை மூணு ஜாகிர்தார்கள் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் வாங்கி இருபத்தொன்பது வருஷம் கழிச்சு, 1976-ல்தான் அரசாங்கத்தின் கைக்கே வந்தது. ரோடு, கரன்ட், செல்போன் டவர் எல்லாம் அதுக்கப்புறம் ஒவ்வொண்ணா இந்த வளைவு வழியாத்தான் மூச்சு வாங்க ஏறிச்சு. 2016-ல் வந்த கார்டு பத்து வருஷம் கழிச்சு ஏறுதுன்னா, அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கு?

கரியாலூர் வந்ததும் காத்து மாறிடுச்சு. ஃபேனே தேவைப்படாத காத்து. அடுத்து வெள்ளிமலை. கல்வராயன் மலைக்குத் தலைநகர் மாதிரி. பஸ்ஸை விட்டு இறங்கினா, எதிரில் பைக்கோட நண்பன். ‘‘என்னடா பொங்கலுக்கு வெறுங்கையோட வந்திருக்க?’’

பையைத் தட்டிக் காட்டினேன். ‘‘வீட்டுக்குப் போ... சொல்றேன்.’’

‘நார்மல்தாண்ணே!’

வெள்ளிமலையில் இருந்து அவன் ஊருக்கு இன்னும் அரை மணி நேரம். வாசலில் மரவள்ளி காயுது. அவங்கம்மா சாமைச்சோறும் காரக்குழம்பும் வெச்சாங்க. அப்பா திண்ணையில் போர்வையோட உட்கார்ந்திருந்தார். ‘‘வா சாமி’’ன்னு ஒரு வார்த்தை. அவ்வளவுதான். ஆளு மெலிஞ்சிருந்தார்.

சாப்பிட்டு முடிச்சதும் கவரைப் பிரிச்சு அவன் கையில் கொடுத்தேன். ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசலை. திருப்பித் திருப்பிப் பார்த்தான். ‘‘லூசாடா நீங்க எல்லாம்?’’ன்னான். குரல் கொஞ்சம் மாறியிருந்தது.

பெட்டி மூலையில் துணி போர்த்திக் கிடந்தது. பிளக்கைப் பிடுங்கி, மூடியைக் கழட்டி, தூசி தட்டினோம். கார்டை ஸ்லாட்டுக்கு நேரா பிடிச்சேன்.

அப்பத்தான் பார்த்தேன். கார்டோட உயரத்தில் பாதிதான் பெட்டியோட உயரம்!

ஒல்லிப் பெட்டிகளுக்குன்னே அரை உயரக் கார்டு தனியா வரும். லோ ப்ரொஃபைல்னு கேக்கணும். நான்தான் ‘நார்மல்தாண்ணே’ன்னு பெருமையா சொன்ன மகான் ஆச்சே! நாலு பேர் காசு, ஒரு ராத்திரி பஸ், அத்தனை வளைவு... எல்லாம் கண் முன்னாடி வந்து போச்சு. ‘‘பரவால்ல விடுடா, மாத்திக்கலாம்’’னு அவன்தான் எனக்கு ஆறுதல் சொன்னான். சென்னைக்குத் திருப்பி அனுப்பி, அரை உயரக் கார்டு தேடிப் பிடிச்சு, மறுபடி மேல ஏத்தி... அதுக்குள்ள பெட்டி மூவாயிரத்துக்குப் போயிருக்கும். அவனுக்கும் தெரியும்.

திண்ணையில் இருந்து அப்பா எட்டிப் பார்த்தார். ‘‘என்ன, நொழையலையா?’’

‘‘மூடி மூட முடியாதுப்பா. உசரம் இடிக்குது.’’

‘‘மூடி எதுக்கு?’’

நல்ல கேள்வி! யோசிச்சுப் பார்த்தா, மூடி இல்லாமலும் கம்ப்யூட்டர் ஓடும். பெட்டியைப் படுக்கவெச்சா கார்டு நேரா நிக்கும். கார்டின் பின்பக்க இரும்புப் பட்டைதான் இடிக்குது. நாலு ஸ்குரூவைக் கழட்டினா பட்டை தனியா வந்துடும். கழட்டினோம். மெதுவா அழுத்தினோம். ‘டக்’! இந்த உலகத்திலேயே இனிமையான சத்தம் அதுதான் மக்கா!

‘‘தொறந்தே கெடந்தா பல்லி பூந்துடாது?’’ன்னு அப்பா கேட்டார். எங்க ரெண்டு பேருக்கும் அது தோணவே இல்லை. ஓடுற ஃபேனில் பல்லி வால் மாட்டுறதை நினைச்சுப் பாருங்க. அவரே எந்திரிச்சு பின்கட்டுக்குப் போனார். ரம்பச் சத்தம். கொஞ்ச நேரத்தில் நாலு பலகைத் துண்டு, ஆணி, பழைய நைலான் கொசுவலை. பெட்டி மேல கச்சிதமா உட்கார்ற மாதிரி, ஒரு முழ உயரத்துக்கு மரச்சட்டம். மேலயும் பக்கவாட்டிலயும் வலை. காத்து போகும், பல்லி போகாது. உடம்பு முடியாத மனுஷன், ரெண்டு தடவை உட்கார்ந்து மூச்சு வாங்கிட்டுத்தான் செஞ்சார். உதவிக்குப் போன எங்களைக் கிட்டவே விடலை.

‘‘இதுக்கும் ஒரு புவிசார் குறியீடு வாங்கிடலாம்ப்பா!’’ன்னான் நண்பன். அப்பாவுக்குப் புரிஞ்சுதோ என்னமோ, சிரிச்சார்.

கறுப்புத் திரை

சுவிட்சைப் போட்டோம். ஃபேன் சுத்துது. திரை... கறுப்பு. ரெண்டு நிமிஷம் வயித்துக்குள்ள ஏதோ பண்ணிச்சு. அப்புறம் பார்த்தா, மானிட்டர் வயரைப் பழைய பழக்கத்தில் மதர்போர்டிலேயே சொருகி வெச்சிருக்கோம்! கார்டு மாட்டிட்டா வயரும் கார்டுக்குத்தான் மாறணும். கன்வெர்ட்டர் வழியா மாத்தினோம். வெளிச்சம் வந்தது.

அங்கே செல்போன் சிக்னல், ஜன்னல் கம்பியில் போனைக் கட்டித் தொங்கவிட்டா ரெண்டு கோடு. அதில் விளையாட்டை டவுன்லோடு பண்ணினா அடுத்த பொங்கல் வந்துடும். அதனால டிரைவரைப் பென்டிரைவிலும், விளையாட்டை ஹார்டு டிஸ்க்கிலும் கீழிருந்தே கொண்டு போயிருந்தேன். காப்பி ஆகும் நேரத்தில், நீங்களும் பெட்டியை மாத்தப் போறீங்கன்னா, எங்க அனுபவத்தில் இருந்து நாலு வார்த்தை...

* முதலில் அளவு நாடா. பெட்டியின் உயரம், கார்டு உட்காரும் நீளம், பக்கத்து ஸ்லாட் காலியான்னு பார்த்து எழுதிக்கங்க. ‘நார்மல்’ என்று ஒரு அளவு உலகத்திலேயே கிடையாது.

* பவர் சப்ளையின் பக்கவாட்டு ஸ்டிக்கரில் எத்தனை வாட்ஸ் என்று இருக்கும். ஆறு பின் வயர் இல்லைன்னா, 75 வாட்ஸுக்குள் இருக்கும் கார்டுதான். ஜிடிஎக்ஸ் 750 டிஐ, 1050 டிஐ, 1650-ல் சில மாடல்கள் அந்த ரகம்.

* ஒரே பேர், ரெண்டு உடம்பு! ஜிடி 1030-ல் ஜிடிடிஆர்5 ஒண்ணு, டிடிஆர்4 ஒண்ணு. பேர் ஒண்ணுதான். ரெண்டாவது ரொம்ப மெதுவு. டப்பாவைப் படிக்காம காசு கொடுக்காதீங்க.

* புதுசு வாங்கினாலும் கவனம். 2022-ல் வந்த ஆர்எக்ஸ் 6400-க்கு ஸ்லாட்டில் நாலே பாதைதான். பழைய போர்டில் மாட்டினா வேகம் குறையும்.

* ஆயுசையும் கேளுங்க. 1050 டிஐ தலைமுறைக்கு என்விடியா புது விளையாட்டுகளுக்கான டிரைவர் கொடுப்பதை 2025 அக்டோபரோடு நிறுத்திடுச்சு. பாதுகாப்பு அப்டேட் 2028 அக்டோபர் வரைக்கும் உண்டு என்று அறிவிச்சிருக்கு. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிஞ்சுது. மூணாம் தலைமுறை ஐ5-ஐ விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா ஏத்துக்காது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2 லினக்ஸிலும் ஓடும் என்பது ஒரு ஆறுதல்.

ஆகமொத்தம், இது புது வாழ்க்கை இல்லை. ரெண்டு, மூணு வருஷம் தவணை. ஆனா 5,100 ரூபாயில் புது கம்ப்யூட்டர் யார் தர்றா?

சாயங்காலம் விளையாட்டு ஓடிச்சு. முதலில் இன்டர்நெட் இல்லாம, கம்ப்யூட்டர் ஆட்களோட ஒரு ஆட்டம். கிராஃபிக்ஸை குறைச்சு வெச்சா, மூலையில் நம்பர் 60-க்குக் கீழே இறங்கவே இல்லை. எங்க ஊர் வெயிலில் என் கார்டு 70 டிகிரியைத் தாண்டும். இங்கே 58. மலைக்காத்தும் கொசுவலை ஜன்னலும் எந்தக் கம்பெனியும் கொடுக்காத கூலர்!

அவன் ஒரு சுவர் ஓரமா போய் நின்னான். அசையலை. அதே பழைய காத்திருப்பு. எதிராளி தலையை நீட்டினதும் ஒரே சத்தம். பின்னாடி நின்னு பார்த்த அப்பா, ‘‘நல்லா பொறுமையாத்தான் நிக்கிற’’ன்னார். அவ்வளவுதான் சொன்னார். மகன் முகத்தைப் பார்க்கணுமே!

சனிக்கிழமை, ராத்திரி பத்து மணி

மறுநாள் பெரியார் அருவிப் பக்கம் ஒரு எட்டு போய் கால் நனைச்சுட்டு, நான் கீழே இறங்கிட்டேன். பை லேசா இருந்தது. கண்டக்டர் சொல்றதுக்கு முன்னாடியே தூக்கி மேல போட்டேன்.

அந்த சனிக்கிழமை. சென்னை, பெங்களூர், திருப்பூர், கள்ளக்குறிச்சி... அப்புறம் கல்வராயன் மலை. ரெண்டு வருஷத்துக்கு மேல ஆச்சு, அஞ்சு பேரும் ஒரே டீமா உட்கார்ந்து. அவன் மைக்கில் சில்வண்டுச் சத்தம். ஜன்னலில் தொங்குற போனில் இருந்து சென்னை சர்வருக்கு பிங் 90. ஏறும், இறங்கும். ஆனாலும் ஆடறான்.

முதலில் பதிமூணு ரவுண்ட் ஜெயிக்கிறவங்களுக்கு ஆட்டம். நாங்க 11, எதிரணி 12. அடுத்த ரவுண்ட் வாழ்வா, சாவா. நாங்க நாலு பேரும் வரிசையா செத்துட்டோம். மலைக்காரன் மட்டும் உயிரோட. எதிரில் ரெண்டு பேர். அப்போ ஹெட்போனில் ‘பீப்... பீப்...’

‘‘கரன்ட் போயிடுச்சுடா... யு.பி.எஸ். அஞ்சு நிமிஷம் தாங்கும்’’னு கிசுகிசுத்தான். நாங்க யாரும் மூச்சு விடலை. ஒருத்தனை அடிச்சான். ரெண்டாவது ஆள் பின்னாடி வந்துட்டான்.

13-11. தோல்வி.

ரெண்டு செகண்ட் அமைதி. அப்புறம் திருப்பூர்க்காரன் சிரிக்க ஆரம்பிச்சான். எல்லாரும் சிரிச்சோம். ‘‘தோத்தாலும் அஞ்சு பேரா தோத்தோம்ல!’’ன்னான் மலைக்காரன். யு.பி.எஸ். கத்தறது நிக்கறதுக்குள்ள நான் அவசரமா கேட்டேன். ‘‘டேய், மூவாயிரத்துக்குக் கேட்டவர் என்ன ஆனார்?’’

‘‘வந்தார்டா. அப்பாதான் குடுக்க முடியாதுன்னுட்டார்.’’

‘‘ஏனாம்?’’

‘‘மூடி செஞ்ச கூலியை சேர்த்துக் குடுத்தா பார்க்கலாம்னு சொல்லி அனுப்பிட்டார்!’’